அடைக்கோழிக்குக் கட்டம் இல்லை

நாட்டுக்கோழி முட்டையிடாது என்று நீங்கள் எழுதியிருப்பது பொய். அது பொய் என்று எழுதும்போதே உங்களுக்குத் தெரியும்.

என் மகள் வீட்டில் கிடந்த ஒரு விவசாயப் பத்திரிகையில்தான் அதைப் படித்தேன். யுத்த காலத்தில் தென்னாற்காட்டில் இருந்தவை எல்லாம் ஒன்றுக்கும் உதவாத வற்றல் கோழிகள், சீமைச் சேவலைக் கொடுத்து அந்தச் சாதியைத் திருத்தப் பார்த்தோம், ஜனங்கள்தான் வளர்க்கத் தெரியாமல் கெடுத்தார்கள் என்று போட்டிருந்தீர்கள். பக்கத்தில் உங்கள் படம். தலை நரைத்திருக்கிறது, முகம் மாறவில்லை. என்னை உங்களுக்கு ஞாபகம் இருக்காது என்று நினைக்க மாட்டேன். திண்டிவனத்தில் நீங்கள் அதிகாரியாக இருந்த சர்க்கார் கோழிக் கொட்டகையில் தீனி வைத்து, முட்டை பொறுக்கி, தினம் நோட்டில் எழுதினவள் நான்.

எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். நடந்தது நடந்தபடி இருக்கும்.

நான் பிறந்தது கோலியனூருக்குப் பக்கத்தில். எங்கள் தெருவில் யாருக்கும் நிலம் கிடையாது. ஐந்தாம் வகுப்புவரை படித்தேன். எங்கள் தெருவில் அது பெரிய படிப்பு. கட்டிக்கொடுத்த இடம் திண்டிவனம். வீட்டுக்காரர் ரயில் பாதையில் கல் கொட்டுகிற கூலி. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்றுதான் நீங்கள் என்னை வேலைக்கு வைத்தீர்கள். கோழியைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கவில்லை.

கோழியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் என் அக்காவிடமிருந்து. அவள் பிறந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டு, சீக்கிரம் தாலி அறுத்தவள். களை எடுக்கவும் மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கவும் போவாள். வேலை இல்லாத மாதங்களில் அவளைக் காப்பாற்றியது அவளுடைய அடைக்கோழிகள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் முட்டை சேர்ந்துவிட்டது, அடையில் உட்காரக் கோழி இல்லை என்றால், நல்ல அடைக்கோழி இருக்கிற வீட்டுக்கு முட்டையைக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். பொரிக்கிற குஞ்சில் பாதி முட்டைக்காரிக்கு, பாதி கோழிக்காரிக்கு. எங்கள் ஊரில் அந்தக் கோழிக்காரி என் அக்கா. எந்த வீட்டு முட்டை என்று தெரிவதற்கு அடுப்புக் கரியால் ஒரு கோடு, இரண்டு கோடு, ஒரு வட்டம் என்று போட்டு வைப்பாள். கூடையில் உமியும் வைக்கோலும் பரப்பி, இடி இடித்தால் கரு கலங்கக் கூடாது என்று ஓர் இரும்புத் துண்டும் போடுவாள். ஏழெட்டு நாள் கழித்து, கதவு இடுக்கில் விழுகிற வெயிலில் ஒவ்வொரு முட்டையாகத் தூக்கிப் பார்த்து, கரு பிடிக்காததை எடுத்து உரியவளிடம் திருப்பிக் கொடுப்பாள். இதில் சண்டை வந்து நான் பார்த்ததில்லை. ஊர் அவளை நம்பியது.

அவளுடைய பெட்டைகள் சின்ன உடம்பு. கையில் தூக்கினால் இறகுதான் இருப்பது போலத் தோன்றும். நிறம் சருகு நிறம், மண் நிறம். செத்தையில் உட்கார்ந்தால் பக்கத்தில் போனாலும் கண்ணுக்குத் தெரியாது. தலையில் பூ சின்னதாக, பட்டாணியை நசுக்கி ஒட்டவைத்த மாதிரி இருக்கும். கால் சாம்பல் நிறம், மெல்லிசு. முட்டை சின்னது, கொஞ்சம் பழுப்பு. பத்துப் பன்னிரண்டு வைக்கும், சில சமயம் அதற்கு மேலும். பிறகு உடம்பு சுட, இறகைச் சிலிர்த்துக்கொண்டு கேறும். அதுதான் அடைக்கு அடையாளம். உட்கார்ந்தால் இருபத்தோரு நாள். ஒரு வேளை எழுந்து, குப்பைமேட்டில் அவசரமாகப் பொறுக்கித் தின்று, தண்ணீர் குடித்து, திரும்ப வந்து உட்காரும். குஞ்சு இறங்கியபின் பருந்து நிழல் தரையில் விழுந்தாலே ஒரு குரல் கொடுக்கும். குஞ்சு எல்லாம் செடிக்கடியில் ஓடிவிடும். குஞ்சைத் தனியே விரட்டிவிட்டபின் மறுபடியும் முட்டை. தீனி என்று யாரும் வைப்பதில்லை. கரையான், புழு, சிந்தின கேப்பை, அவ்வளவுதான்.

ஆக, எங்கள் கோழி செய்கிற வேலையில் முட்டை ஒரு பங்கு. மீதிப் பங்கு குஞ்சு.

நீங்கள் எங்கள் ஊருக்குக் கோழி கேட்டு ஆள் அனுப்பினபோது யுத்தம் உச்சத்தில் இருந்தது. வீட்டுக்கு ஒரு நல்ல பெட்டை கொடுக்க வேண்டும், திண்டிவனத்தில் வைத்து முட்டை எண்ணிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார்கள் என்று மணியக்காரர் தமுக்கு அடித்துச் சொல்ல வைத்தார். முட்டையை எண்ணிப் பார்க்கக் கோழியைக் கொண்டுபோவார்கள் என்று எங்கள் ஊரில் ஒருவரும் நம்பவில்லை. பட்டாளத்துக்குக் கறிக்குத்தான் போகிறது என்று முடிவு கட்டினார்கள். முட்டையிடுகிற கோழியை வெட்டுக்குக் கொடுக்க யாருக்கும் மனசு வராது. அதனால் ஒவ்வொரு வீட்டிலும் எது ஆகாத கோழியோ அதைப் பிடித்து, காலைக் கட்டி, நல்ல வார்த்தை சொல்லி வண்டியில் ஏற்றினார்கள்.

கூடைகள் கொட்டகையில் வந்து இறங்கின அன்று மூடியைத் திறந்தவள் நான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எல்லாம் எனக்குத் தெரிந்த கோழிகள். தச்சர் வீட்டுக் கட்டைக்கால் கோழி வந்திருந்தது. வயிறு தரையில் உரசும். ஒரு காலத்தில் ஊரிலேயே நன்றாக முட்டையிட்டது. இப்போது கிழம், பெட்டைக்குச் சேவல் மாதிரி காலில் முள் வளர்ந்திருந்தது. மேலத்தெருவிலிருந்து கொண்டைக்கோழி. கொண்டை இறகு கண்ணை மூடி, வட்டம் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். பெரிய வீட்டிலிருந்து ஒரு சண்டைச் சாதிப் பெட்டை. நெட்டைக் கால், அகன்ற மார்பு, நிமிர்ந்த கழுத்து. அந்தச் சாதி முட்டைக்கு வளர்ப்பது இல்லை, அதன் வயிற்றில் பிறக்கிற சேவலுக்காக வைத்திருப்பது. அதற்கும் வயசாகி இருந்தது. கடைசிக் கூடையில் கழுத்தில் இறகே இல்லாத ஒரு சிவப்புக் கோழி. அது என் அக்காவுடையது. தான் போட்ட முட்டையைத் தானே கொத்திக் குடிக்கிற கோழி.

எதற்குச் சிரிக்கிறாய் என்று நீங்கள் கேட்டீர்கள். ஒன்றும் இல்லைங்க என்றேன். நான் செய்த முதல் தப்பு அது.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது அக்காவிடம் கேட்டேன். வாசலில் உட்கார்ந்து கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க்கா, முட்டை குடிக்கிறதைப் போயா அனுப்புவ?"

"பட்டாளத்தான் வாய்க்குப் போறதுக்கு எது போனா இன்னாடி? நான் அனுப்புனதாவது நடக்கும். மேலத்தெரு அண்ணி அனுப்புச்சே கொண்டைக்கோழி, அதுக்குக் கண்ணே தெரியாது. எங்க வீட்டு மகாலட்சுமின்னு சொல்லி, கண்ணைத் தொடச்சிக்கினு ஏத்தி உட்டா."

பக்கத்தில் இருந்த பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு, கறிக்கு இல்லை, நிஜமாகவே முட்டையை எண்ணுகிறார்கள், எழுதுகிறவளே நான்தான் என்று சொன்னேன். அக்கா முறத்தை நிறுத்தவில்லை.

"எழுதிக்கோ. சர்க்கார் நோட்டுல எங்க கோழி முட்டை வச்சா எங்களுக்கு இன்னா வரப்போவுது? எங்களைக் காட்டிக்குடுத்துடாத, அது போதும்."

காட்டிக்கொடுக்கவில்லை. பத்து மாதம் வாயை மூடிக்கொண்டு எழுதினேன்.

கொட்டகையில் ஒரு பக்கம் எங்கள் ஊர்க் கோழிகள், மறுபக்கம் உங்கள் சீமைக் கோழிகள். சீமைக் கோழி பார்க்க அழகு. உடம்பெல்லாம் வெள்ளை, கால் மஞ்சள், காதுமடலும் வெள்ளை. பெட்டைக்கே பூ பெரிதாக வளர்ந்து ஒரு பக்கம் வெற்றிலை மாதிரி சரிந்து கண்ணை மறைக்கும். முட்டை வெள்ளை, பெரிது. வைத்துக்கொண்டே இருக்கும். இதை நான் மறைக்கவில்லை. அந்தக் கோழியைப் போல முட்டை வைக்கும் நாட்டுக்கோழியை நான் பார்த்ததில்லை. ஆனால் அது அடைக்கு உட்காராது. அதன் முட்டையைப் பொரிக்க நீங்கள் மண்ணெண்ணெய் விளக்கு வைத்த ஒரு பெட்டி வைத்திருந்தீர்கள். திரியை ஏற்றி இறக்க ஓர் ஆள் கூடவே இருந்தான்.

இரண்டு பக்கமும் கம்பி வலை, இரண்டு பக்கமும் அளந்த தீனி. மண்ணைக் கிளறியே பழகின கோழிகள் பலகைமேல் நின்றுகொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் ஒன்றையொன்று கொத்தின. அந்தக் கூட்டத்திலும் இரண்டு மூன்று, முட்டை வைத்து முடித்து, கேறி, வெறும் பலகையில் அடைக்கு உட்கார்ந்தன. உங்கள் உத்தரவுப்படி, அடையைக் கலைக்க, அவற்றைத் தூக்கிக் குளிர்ந்த தண்ணீரில் முக்கினேன். அதற்கும் அடங்காததற்கு மூக்கில் ஓர் இறகைச் செருகிவிட்டேன். செய்தது என் கைதான்.

நோட்டில் தேதிக்கு ஒரு கட்டம், முட்டைக்கு ஒரு கட்டம் இருந்தன. அடைக்கு இருக்கிற கோழியை எங்கே எழுதுவது என்று உங்களிடம் கேட்டேன். முட்டை இல்லை என்று எழுது, போதும் என்றீர்கள். எழுதினேன். பக்கம் பக்கமாக முட்டை இல்லை, முட்டை இல்லை என்று என் கையெழுத்து.

பிறகு ஒருநாள் உங்கள் மேஜையில் ஊர்ப் பட்டியல் ஒன்று வந்தது. நகல் எடுக்க என்னிடம் கொடுத்தீர்கள். அந்த ஊர்களில் இருக்கிற நாட்டுச் சேவல்களை எல்லாம் பிடித்து அப்புறப்படுத்திவிட்டு, சில வீடுகளுக்கு ஒன்றாக வெள்ளைச் சேவல் கொடுக்க வேண்டும். ஒரு நாட்டுச் சேவல்கூட மிச்சம் இருக்கக் கூடாது. இருந்தால் சாதி திரும்பக் கலந்துவிடும். பட்டியலில் எங்கள் ஊர் மூன்றாவதாக இருந்தது.

அதுவரை உங்கள் அறைக்குள் நான் கூப்பிடாமல் வந்ததில்லை. அன்று வந்தேன். இங்கே வந்திருக்கிற கோழிகள் ஊர்க்காரர்கள் தள்ளிவிட்ட கோழிகள், கிழடு, குருடு, முட்டை குடிக்கிறது, இவற்றை வைத்து எங்கள் சேவலை எடுக்காதீர்கள் என்று சொன்னேன். நீங்கள் எழுந்துபோய் நோட்டை எடுத்து வந்து என் முன்னால் விரித்தீர்கள்.

"இதை எழுதினது யாரு?"

"நான்தாங்க."

"அப்போ நீ எழுதினது பொய்யா?"

"எழுதினது நிஜம்தாங்க. கோழிதான் பொய்."

நீங்கள் கோபப்படவில்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, அப்படியானால் உங்கள் ஊரில் நல்ல கோழி எப்படி இருக்கும், சொல் என்றீர்கள். நான் நின்றுகொண்டே சொன்னேன். நிறம், கால், பூ, எத்தனை முட்டையில் கேறும், வருஷத்தில் எத்தனை முறை உட்காரும், எத்தனை குஞ்சு தேறும், பாதிக்குப் பாதி வழக்கம், அக்காவின் கரிக்கோடு, எல்லாம். சட்டைப் பையிலிருந்து கருப்பு அட்டை போட்ட ஒரு சின்ன நோட்டை எடுத்து, நான் சொல்லச் சொல்ல எழுதினீர்கள். மூன்று பக்கம் திருப்பியதை என் கண்ணால் பார்த்தேன். ஒரு இடத்தில் மெதுவாகச் சொல் என்றுகூடச் சொன்னீர்கள்.

சொல்லி முடித்ததும் நோட்டை மூடிப் பையில் வைத்தீர்கள்.

"ரிப்போர்ட் மதராசுக்குப் போயாச்சு. இப்போ கோழி தப்புன்னு எழுதினா, சர்க்காரை ஏமாத்தினாங்கன்னு உங்க ஊரு ஜனங்க மேலதான் முதல்ல வரும். உங்க அக்கா மேலயும் வரும். போய் வேலையைப் பாரு."

நான் போய் வேலையைப் பார்த்தேன். என் இரண்டாவது தப்பு அது.

சேவல் பிடிக்க வந்த அன்று நான் ஊரில் இல்லை. அக்கா சொன்னது இது. வீடு வீடாக வலை போட்டுப் பிடித்தார்கள். மேல்மலையனூர் அம்மனுக்கு நேர்ந்துவிட்டது என்று கும்பிட்டுக் கேட்டவர்கள் சேவலையும் விடவில்லை. அக்கா தன் சேவலைப் பானைக்குள் வைத்து மூடியிருக்கிறாள். ஆள் வாசலில் நிற்கும்போது அது உள்ளே இருந்து கூவிவிட்டது. சேவலுக்கு மூளை இருந்தால் அது ஏன் சேவலாக இருக்கிறது என்று அவளே சொல்லிச் சிரித்தாள். அப்போது அவளுக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. வெள்ளைச் சேவல் நின்ற நிற்பு அவளுக்குப் பிடித்திருந்தது.

முதல் பொரிப்பில் ஊரே சந்தோஷப்பட்டது. இதையும் எழுதுகிறேன். வெள்ளையும் சருகும் கலந்த குஞ்சுகள், தாயைவிடப் பெரிதாக வளர்ந்தன. அவற்றில் வெடைகள், அதாவது இளம் பெட்டைகள், சீக்கிரம் முட்டைக்கு வந்தன, நிறைய வைத்தன. விழுப்புரம் ஜங்ஷனுக்குக் கூடை கட்டுகிற வியாபாரி அந்த முட்டையைத் தேடி வந்தான். நீங்களும் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, மணியக்காரர் வீட்டில் மோர் குடித்துவிட்டுப் போனதாகச் சொன்னார்கள்.

ஆனால் அந்த வெடைகள் கேறவில்லை. முட்டை வைத்தன, எழுந்து போயின. வீடு வீடாக முட்டை சேர்ந்தது, உட்காரக் கோழி இல்லை. எல்லாரும் அக்காவிடம் கொண்டுவந்தார்கள். அவளிடம் மிச்சம் இருந்த பழைய பெட்டைகளை அவள் இடைவெளி விட்டு உட்காரவைக்காமல், ஒரு பொரிப்பு முடிந்ததும் அடுத்ததில் உட்காரவைத்தாள். நெஞ்செலும்பு கையில் குத்துகிற அளவுக்கு அவை இளைத்தன. ஒன்று கூடையிலேயே முட்டைமேல் உட்கார்ந்தபடி செத்தது. வாங்கின முட்டையை வேண்டாம் என்று சொல்ல அவளுக்குத் தெரியாது.

பழையவை தீர்ந்தபின், கலப்புப் பெட்டைகளில் ஒன்று கேறியது. அவளுக்கு உயிர் வந்தது. மூன்று வீட்டு முட்டைகளை அதன் கீழ் வைத்தாள். கோழி பத்துப் பன்னிரண்டு நாள் ஒழுங்காக உட்கார்ந்தது. பிறகு ஒரு காலையில் எழுந்து, இரை பொறுக்கப் போனது திரும்பவில்லை. பிடித்து வந்து கூடையில் வைத்துக் கவிழ்த்தாள். உள்ளேயே நின்றுகொண்டிருந்தது. முட்டை எல்லாம் ஜில்லென்று ஆகிவிட்டது.

கூமுட்டை ஆகிவிட்டது என்று மூன்று வீட்டுக்கும் போய்ச் சொன்னாள். மேலத்தெரு அண்ணிதான் முதலில் ஆரம்பித்தது, கொண்டைக்கோழிக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்ட அதே அண்ணி.

"கோழி உட்டுட்டுப் போச்சாம். கோழி போச்சா, இல்ல உங்க வீட்டு அடுப்புக்குப் போச்சா?"

இத்தனை வருஷத்தில் அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அக்கா வீட்டுக்குள் போய்க் கூடையைத் தூக்கி வந்து தெருவில் வைத்தாள். கரிக்கோடு போட்ட முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, இது உன்னுடையது, இது உன்னுடையது என்று சொல்லி, கல்லில் தட்டி உடைத்தாள். ஒவ்வொன்றிலும் பாதி வளர்ந்த குஞ்சு, கண் மட்டும் கருப்பாக. நாற்றம் தாங்காமல் எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கடைசி முட்டைவரை உடைத்தாள். அண்ணி திரும்பி வீட்டுக்குப் போய்விட்டது. மன்னிப்புக் கேட்கவில்லை. அதன்பின் அக்கா வீட்டுக்கு ஒருவரும் முட்டை கொண்டுவரவில்லை.

அந்த மழையில் வெள்ளைக் கழிச்சல் நோய் வந்தது. வெள்ளைச் சேவல் முதலில் விழுந்தது, பிறகு கலப்புக் கோழிகள். நோய் வருவது எங்கள் ஊருக்குப் புதிது இல்லை. முன்பெல்லாம் ஊருக்கு நாலு பெட்டையும் ஒரு சேவலுமாவது தப்பும், அடுத்த வருஷத்துக்குள் தெருவை நிரப்பிவிடும். இந்த முறை தப்பின ஒன்றிரண்டுக்கும் அடைக்கு உட்காரத் தெரியவில்லை. உங்கள் மண்ணெண்ணெய்ப் பெட்டி திண்டிவனத்தில் இருந்தது.

அக்கா வீட்டைப் பூட்டிவிட்டுப் புதுச்சேரிப் பக்கம் செங்கல் சூளைக்குப் போனாள். போகும்போது என் வீட்டுக்கு வந்து ஒரு வேளை சாப்பிட்டாள். நான் உங்கள் அறையில் வந்து சொன்னதை அவளிடம் சொன்னேன். சொன்னியா, அதுக்கு இன்னா சொன்னாரு என்று கேட்டாள். எழுதிக்கொண்டார் என்றேன். அப்படின்னா தெரிஞ்சிதானே பண்ணாரு என்றாள். கையைக் கழுவிவிட்டுக் கிளம்பினாள். சூளையிலேயே காய்ச்சலில் போனாள்.

நான் வேலையை விடவில்லை. வீட்டில் சோறு வேண்டும். கொட்டகையைக் கலைக்கும்வரை உங்களுக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

ஜனங்கள் ஆகாத கோழியைக் கொடுத்தது தப்பு. நான் பத்து மாதம் வாயைத் திறக்காதது தப்பு. இரண்டையும் இங்கே ஒப்புக்கொண்டேன். உங்கள் பங்கை நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஜனங்களுக்கு வளர்க்கத் தெரியவில்லை என்று எழுதுகிறீர்களே, அவர்களுக்கு வளர்க்கத் தெரியும் என்பதற்கு உங்கள் கையாலேயே மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தீர்கள். சேவல் பிடிக்கப் போகும் முன்பே எழுதினீர்கள். அந்தக் கருப்பு அட்டை நோட்டு எங்கே? அதை ஒரு எழுத்து விடாமல் அச்சில் போடுங்கள். தொலைந்துவிட்டது என்றால் தொலைந்தது என்று சொல்லுங்கள். நான் வந்து சொல்லவே இல்லை, இவள் புளுகுகிறாள் என்றால், அதையாவது உங்கள் பேரைப் போட்டுச் சொல்லுங்கள். எனக்குத் தனியாகக் கடுதாசி எழுத வேண்டாம், பிரிக்க மாட்டேன். கோலியனூர்க்காரனும் திண்டிவனத்துக்காரனும் வாங்கிப் படிக்கிற இடத்தில், எல்லாரும் பார்க்கப் பதில் சொல்லுங்கள்.